வீடு தேடிச் சின்னசேலம் சென்றோம்

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். எல்லாம் இழந்தவனுக்கும் பட்டணத்தில் ஒரு பிழைப்புக் கிடைத்துவிடும் என்பது அதன் பொருள். எங்கள் பெற்றோர் அந்தச் சொல்லை நம்பியே சென்னைக்கு வந்தார்கள், பிழைக்கவும் செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளாகிய நாங்கள், ஏழு வயது மகளையும் நான்கு வயது மகனையும் கையில் பிடித்துக்கொண்டு அதே பாதையில் திரும்பி நடக்க எண்ணியபோது உறவினர் பலர் வியந்தனர், சிலர் வருந்தினர். ‘ஊரைவிட்டுப் போகும்படி உங்களுக்கு என்ன நேர்ந்துவிட்டது?’ என்று வெளிப்படையாகவே கேட்டவர்களும் உண்டு.

நேர்ந்தவை பெரிய துன்பங்கள் அல்ல. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், வேளச்சேரிக்கு அருகே நாங்கள் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய வீட்டின் தரைத்தளம் மூழ்கியது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன; கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை மீண்டும் வீட்டுக்குள் புகுந்தது. இம்முறை தோளில் சுமந்து சென்றது இளையவனை. அதன்பின் ஈரம் ஊறிய சுவர்களுக்கிடையே அவனுக்கு இளைப்பு தொடங்கியது. மழைக்காலம் முழுதும் இரவுகளில் அவன் மூச்சின் ஒலியைக் கேட்டபடியே நாங்கள் விழித்திருந்தோம். ‘ஈரமும் புகையும் குறைந்த இடத்தில் வளர்ந்தால் நல்லது’ என்றார் மருத்துவர். சொல்வது எளிது, அந்த இடம் எங்கே?

பிழைப்புக்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருந்தது. குடும்பத் தலைவர் கணக்கெழுதும் தொழிலில் இருப்பவர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பிறகு அவருடைய வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்தே நடந்தது. மாதத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் சென்னை அலுவலகத்துக்குச் சென்றால் போதும். எனவே இரவில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கக்கூடிய ஊர் எதுவாயினும் எங்களுக்கு ஏற்றதே என்று முடிவு செய்தோம். அந்தக் கணக்கில் முதலில் நினைவுக்கு வந்த பெயர் சின்னசேலம்.

திருவிழாவில் கண்ட ஊர்

சின்னசேலத்தை அடுத்துள்ள மேல்நாரியப்பனூர் புனித அந்தோணியார் திருத்தலத்தை அறியாத கத்தோலிக்கக் குடும்பங்கள் நம் பகுதியில் குறைவு. ஜூன் மாதத் திருவிழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிகின்றனர். அந்நாட்களில் விரைவு வண்டிகள் அச்சிறிய நிலையத்தில் தற்காலிகமாக நின்று செல்ல ரயில்வே துறை ஏற்பாடு செய்வது வழக்கம். திருமணமான நாள்முதல் நாங்களும் ஆண்டுதோறும் அவ்வாறே இறங்கி, நேர்ச்சையைச் செலுத்தி, சின்னசேலத்தில் ஒருவேளை உணவு உண்டு திரும்பி வந்தோம்.

எங்கள் நினைவில் அவ்வூர் என்றும் திருவிழாக் கோலத்திலேயே இருந்தது. அலங்கார விளக்குகள், பொரிகடலைக் கடைகள், கேட்காமலே தண்ணீர் மோந்து தரும் கைகள், தொலைவில் நீலமாகத் தெரியும் மலை. 2024 ஜூன் 13 அன்று திருத்தலத்தில் நின்றபடியே, ‘இங்கேயே வந்துவிட்டால் என்ன?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். விடையும் சொல்லிக்கொண்டோம். வாசக அன்பர்களே, நாங்கள் செய்த முதல் பிழை அதுவே. ஓர் ஊரைத் திருவிழா நாளில் கண்டு அங்கே குடியேற எண்ணுவது, மணக்கோலத்தில் கண்டவரை மனத்தால் அறிந்துவிட்டதாக எண்ணுவதைப் போன்றது.

அந்தப் பிழையை உணரக் காலம் அதிகம் ஆகவில்லை. சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம் முடிவதற்குள், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்த செய்தி வந்தது. 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ‘இந்த ஊருக்கா பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள்?’ என்று உறவினர் தொலைபேசியில் கேட்டனர். எங்களிடம் விடை இல்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. இனி அவ்வூரை விழா இல்லாத நாளில், வேலை நாளில், வெயில் நாளில் சென்று பார்க்க வேண்டும். அதன் குறைகளைப் பிறர் சொல்லக் கேட்பதைவிட நாமே அறிந்துகொள்வது நல்லது.

ஊரின் இருப்பிடம்

சின்னசேலம், சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில், சேலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேரூராட்சி. வட்டத் தலைநகரும் ஆகும். வடமேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை அரண்போல் நிற்கிறது. மேற்கே சில கல் தொலைவு சென்றால் தலைவாசல். அங்கிருந்து சேலம் மாவட்டம் தொடங்குகிறது. திருச்சபையின் எல்லையும் அவ்விடத்திலேயே மாறுகிறது. இப்பக்கம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம். அப்பக்கம் 1930இல் நிறுவப்பட்ட சேலம் மறைமாவட்டம்.

எல்லையோர ஊர்களுக்கு உரிய ஒரு வருத்தம் சின்னசேலத்துக்கும் உண்டு. ஆட்சியர் அலுவலகம் எப்போதும் தொலைவிலேயே இருந்தது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவரை கடலூருக்குச் செல்ல வேண்டும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபின் விழுப்புரத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்த கதைகளை முதியோர் இன்றும் சொல்கின்றனர். 2019 நவம்பர் 26 அன்று தமிழகத்தின் 34ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி தொடங்கி வைக்கப்பட்ட பிறகே, மாவட்டத் தலைநகர் அடுத்த ஊராயிற்று.

புகைவண்டியைப் பொறுத்தமட்டில் கதை தலைகீழானது. சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர் பாதையாக இருந்த காலந்தொட்டே சின்னசேலத்துக்கு நிலையம் உண்டு, கள்ளக்குறிச்சிக்கோ அப்போது இல்லை. இரண்டையும் இணைக்கும் 16 கிலோமீட்டர்ப் புதிய பாதைக்கு 2006–07இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ‘கள்ளக்குறிச்சி ரயில் வந்ததும் தருகிறேன்’ என்று கடன் வாங்கியவர் கேலியாகச் சொல்வதை ஒரு தேநீர்க் கடையில் கேட்டுச் சிரித்தோம். எங்களுக்கு வேண்டியிருந்தது எழும்பூர்–சேலம் இரவு வண்டி ஒன்றே. அது சின்னசேலத்தில் நிற்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை

2025 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியுமுன் அந்த வண்டியிலிருந்து இறங்கினோம். விளக்குகள் இல்லை, பொரிகடலைக் கடைகள் இல்லை, தண்ணீர் மோந்து தரும் கைகளும் இல்லை. ஒரு மூதாட்டி தெருவில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். பால்காரரின் மிதிவண்டி கடந்து சென்றது. பழைய நெடுஞ்சாலையாகிய கடைத்தெரு, புறவழிச்சாலை வந்தபின் பெரிய வண்டிகளின் இரைச்சல் குறைந்து, ஊராருக்கே உரிய தெருவாகியிருந்தது. உர மூட்டைகள் விற்கும் கடை, விதைக் கடை, பாத்திரக் கடை, நகை அடகு பிடிக்கும் கடை, மருந்துக் கடை என்று அடுத்தடுத்து இருந்தன. ஓர் ஊர் எதனால் வாழ்கிறது என்பதை அதன் கடைத்தெருவே சொல்லிவிடும். இவ்வூர் நிலத்தால் வாழ்கிறது. மழையை நம்பி வாழ்கிறது. தேவைப்படும்போது அடகு வைத்தும் வாழ்கிறது.

ஊரைச் சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி, கரும்பு. அறுவடைக் காலமாதலால் சாலையோரங்களில் மக்காச்சோளத்தைப் பொன்னிறப் பாயாக விரித்துக் காயவைத்திருந்தனர். மகள் அதைக் கண்டு கைகொட்டி மகிழ்ந்தாள். சற்று நேரத்தில் கதிரடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. தூசி மேகம்போல் எழுந்தது. இளையவன் இருமத் தொடங்கினான். புழுதியில்லாத ஊரைத் தேடி வந்த எங்களை அந்த இருமல் நிதானப்படுத்தியது. நகரத்தின் புழுதி புகையால் வருவது. இவ்வூரின் புழுதி உழைப்பால் வருவது. மூச்சுக்குழலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் இங்கே அது அறுவடைக் காலத்தில் வந்து பின் நீங்கிவிடும் என்பதைக் கேட்டறிந்தோம். எந்த மாதங்களில் எச்சரிக்கை வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

பிறகு வீடு தேடினோம். முதல் வீடு எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்தது. கிணறு, முற்றம், ஒரு முருங்கை மரம். வாடகை, சென்னையில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கே. வீட்டுக்காரர் அன்பாகப் பேசினார். இறுதியில், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டார்.

‘கிறிஸ்தவர்கள் ஐயா’ என்றோம்.

‘அது பேரைக் கேட்டதும் தெரியுதுங்க. அதுக்கு முன்னே?’

‘அதுக்கு முன்னும் கிறிஸ்தவர்கள்தான். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம். அவர் சிரித்தார். மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது.

இதனைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சிற்றூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் குடும்பத்தார் இக்கேள்வியைச் சந்திக்கத்தான் வேண்டும். பட்டணத்தில் இக்கேள்வி மறைந்து நிற்கிறது. இங்கே வாசலிலேயே எதிர்ப்படுகிறது. பங்குகளிலும் கல்லறைகளிலும்கூட இதே கேள்வி நுழைந்திருப்பதை நாம் அறிவோமாதலால், அந்த வீட்டுக்காரரை மட்டும் குறைசொல்ல எங்களுக்கு நா எழவில்லை. பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்லித்தருவது என்பதை மட்டும் அன்றிரவு எங்களுக்குள் பேசி முடிவு செய்தோம்: தாத்தாவின் பெயரைச் சொல்லலாம், அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வீட்டின் உரிமையாளர் தனியே வாழும் ஒரு மூதாட்டி. மாடிப் பகுதி காலியாக இருந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

‘தண்ணி சிக்கனமா புழங்குவீங்களா அம்மா?’

‘2019இல் சென்னையில் இருந்தவர்கள் நாங்கள்’ என்றோம். அது அவருக்குப் புரிந்திராது. ஆயினும் எங்கள் முகத்தில் எதையோ கண்டு தலையசைத்தார். ‘மே மாசம் வந்து ஒரு வாரம் தங்கிப் பாருங்க. மாசியில வீட்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வெயில்ல பார்த்தாத்தான் வீடு’ என்றார். வீடு விடவேண்டியவரே இவ்வாறு சொன்னது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஊர் பார்க்க வேண்டிய முறையை ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார்.

மலையும் அதன் நிழலும்

இடையே ஒரு நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் சென்றோம். அடிவாரத்தில் கோமுகி அணை. 46 அடி உயரமுள்ளது, 1960களில் கட்டப்பட்டது. மலையில் பெய்யும் மழை இங்கே தேங்கி வயல்களுக்குச் செல்கிறது. சமவெளியின் நெல்லும் கரும்பும், கச்சிராயபாளையத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் மலைக்குக் கடன்பட்டவையே. வளைந்து ஏறும் சாலையில் வெள்ளிமலையை நோக்கிச் செல்லச் செல்ல வெயில் தணிந்தது. வழியில் பெரியார் அருவியில் தண்ணீர் குறைவாகவே விழுந்துகொண்டிருந்தது. இளையவனுக்கோ அது போதுமானதாக இருந்தது.

மலையில் வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ என அழைக்கப்படுகின்றனர். அப்பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம்; மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்களுடைய மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து மலைகளில் குடியேறிய சகோதரர்கள் என்பது அம்மக்களிடையே வழங்கும் மரபுக் கதை. அதைக் கேட்டபோது மகள், ‘அவங்களும் நம்மளை மாதிரி வீடு தேடி வந்தவங்களா?’ என்றாள். ஆம் என்றோம். பட்டணத்தை நோக்கிச் செல்வது ஒன்றே குடிபெயர்தல் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அவள் கேள்வி ஓர் ஆறுதலாயிற்று.

சாமை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றை விளைவித்தும் கடுக்காய், புளி, தேன் ஆகியவற்றைத் திரட்டியும் அவர்கள் வாழ்கின்றனர். இம்மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து, 1976ஆம் ஆண்டிலேயே அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. எனவே சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இங்கே தாமதமாகவே வந்தன. அந்தத் தாமதத்தின் இடைவெளியில் நுழைந்ததே சாராயத் தொழில் என்று பேருந்தில் உடன் வந்த ஒரு பெரியவர் சொன்னார். ‘மரவள்ளிக்கு விலை இல்லாத வருசம் ஊறலுக்கு விலை இருந்ததுங்க’ என்றார். கருணாபுரத் துயருக்குப் பிறகு 2024இல் சென்னை உயர்நீதிமன்றம், இம்மலை மக்களின் அடிப்படைத் தேவைகளைக் குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. செய்தித்தாளில் படித்தபோது ஓர் ஊரின் தீமையாகத் தோன்றியது, மலையில் நின்று பார்த்தபோது நெடுநாள் புறக்கணிப்பின் விளைவாகவும் தோன்றியது. மது எந்த ஊரிலும் உண்டு. நாங்கள் விட்டுவரும் தெருமுனையிலும் உண்டு. அதனால் அச்சம் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். அஞ்சவேண்டியது எதற்கு என்பது தெளிவாயிற்று.

மே மாதத்தில் ஓர் இரவு

மூதாட்டி சொன்னபடியே மே மாதத்தில் ஒரு வாரம் மாடியில் தங்கினோம். வெயில் கடுமையாக இருந்தது. கிணற்று நீர் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. சற்று உப்புக் கரித்தது. குழாயில் நீர் வரும் நாளையும் வராத நாளையும் தெருவிலுள்ள ஒவ்வோர் இல்லத்தரசியும் மனப்பாடமாக வைத்திருந்தார். மொட்டை மாடியின் சூடு நள்ளிரவுவரை அறைக்குள் இறங்கியது. ஆனாலும் சுவர்களில் ஈரம் இல்லை. இளையவன் நான்கு இரவுகள் அயர்ந்து உறங்கினான். எங்களுக்குள் முடிவு ஏறத்தாழ உறுதியாகிவிட்டது.

ஐந்தாம் இரவு கோடைமழை வந்தது. முதலில் புழுதிக்காற்று, பிறகு இடி, மின்சாரம் நின்றது. இரவு ஒன்றரை மணியளவில் இளையவனுக்கு இளைப்புக் கண்டது. கையோடு கொண்டுவந்திருந்த நெபுலைசர் மின்சாரமின்றி உயிரற்றுக் கிடந்தது. மின்சாரம் வேண்டாத இன்ஹேலர் கருவியைச் சென்னையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தோம். குழந்தையின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளிழுக்கப்பட்டன. அறிமுகமில்லாத ஊர், இருட்டு, மழை. ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்றவர்கள் அறிவாளிகளே என்று அந்தக் கணத்தில் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

மாடியில் எங்கள் காலடி ஓசையைக் கேட்டு மூதாட்டி கைவிளக்குடன் ஏறிவந்தார். குழந்தையை ஒருமுறை பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. எங்களை 108க்குப் பேசச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். மூன்றாவது வீட்டு இளைஞரை எழுப்பி, வண்டிக்குத் தெருமுனையில் வழிகாட்ட நிறுத்தினார். சற்று நேரத்தில் வண்டி வந்தது. சின்னசேலம் அரசு மருத்துவமனையில் மருந்தாவியும் பிராணவாயுவும் கொடுத்தனர். மூச்சு சற்றுத் தணிந்ததும், விடியும்வரை கண்காணிப்பில் இருப்பது நல்லது என்று கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினர். 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கள்ளக்குறிச்சிக் கல்லூரியும் ஒன்று என்பதை முன்பே படித்திருந்தோம். ஓர் எண்ணாகப் படித்த அச்செய்தியின் பொருளை, குழந்தையின் மார்பில் கைவைத்தபடி சென்ற அப்பயணத்தில்தான் உணர்ந்தோம். அத்தகைய மருத்துவமனை அருகில் இல்லாத காலத்தில், இதே சாலையில் எத்தனை பெற்றோர் இன்னும் எவ்வளவு தொலைவு சென்றிருப்பார்கள்!

காலையில் திரும்பினோம். வீட்டை அடையுமுன் நான்கு இடங்களில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. ‘பையன் எப்படி இருக்கான்?’ என்று பால்காரர் கேட்டார். எதிர்வீட்டு அம்மையார் கேட்டார். பெயரே தெரியாத ஒருவர் மிதிவண்டியை நிறுத்திக் கேட்டார். மூதாட்டி கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். சென்னையில் எட்டு ஆண்டுகள் ஒரே மாடியில் வாழ்ந்தும் எதிர்க்கதவுக்காரரின் முழுப்பெயரை நாங்கள் அறியோம். இங்கே ஐந்தாம் நாளில் ஒரு தெரு முழுதும் எங்கள் குழந்தையின் மூச்சைப் பற்றி விசாரித்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அன்று நண்பகலுக்குள் எங்கள் சம்பளம், வயது, தாத்தாவின் ஊர் ஆகியவையும் தெருவுக்குத் தெரிந்துவிட்டன. கேட்பவர்களுக்கு எல்லாவற்றையும் கேட்கும் உரிமை உண்டு என்பதே இங்கே வழக்கம். இரவில் கைவிளக்குடன் ஏறிவரும் அன்பும், பகலில் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் ஆர்வமும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றை வேண்டி மற்றொன்றை விலக்க இயலாது.

பள்ளியைப் பற்றி

பிள்ளைகளின் கல்வியே பெற்றோர் பலரைப் பட்டணத்தில் நிறுத்திவைக்கிறது. கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் விடுதிகளுடன் கூடிய பெரிய பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் 2022 ஜூலையில் அருகிலுள்ள கனியாமூரில், விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருவர் இறந்ததும், அதையடுத்து 17ஆம் நாள் மூண்ட வன்முறையில் பள்ளிக் கட்டடங்களும் பேருந்துகளும் தீக்கிரையானதும் ஊராரின் நெஞ்சில் ஆறாத புண்ணாக உள்ளன. அதைப் பற்றிக் கேட்டபோது பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டனர். தெரு இளைஞரின் தாய் மட்டும், ‘எந்தப் பள்ளியா இருந்தாலும் சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வரணும், அன்னிக்கு என்ன நடந்ததுன்னு அம்மாகிட்ட சொல்லணும்’ என்றார்.

பள்ளியைத் தேர்வதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டடத்தின் உயரத்தையும் விளம்பரப் பலகையின் மதிப்பெண்களையும் விடுத்து, மகள் நடந்தே சென்று மாலையில் திரும்பக்கூடிய ஒரு பள்ளியைத் தேர்ந்தோம். அந்த வழியில் ஒரு மரச்சிற்பியின் கொட்டகை உள்ளது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்வில் மதிப்பெண் பெறாத எத்தனையோ கைகள் உளியைப் பிடித்து இப்பகுதிக்குப் பெருமை தேடியுள்ளன. மகள் நாள்தோறும் அங்கே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் தாமதமாக வருகிறாள். கண்டிப்பதா மகிழ்வதா என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

நாங்கள் எடுத்த முடிவு

2025 ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறக்கும் நேரத்துக்குச் சின்னசேலம் வந்து சேர்ந்தோம். நிலம் வாங்கவில்லை, மூதாட்டியின் மாடியை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தோம். அந்த ஓராண்டில் கோடை, மழை, அறுவடை மூன்றையும் கண்ட பின்னரே மேற்கொண்டு எண்ணுவது என்று உறுதி செய்துகொண்டோம். மின்சாரம் வேண்டாத இன்ஹேலர் இப்போது வீட்டில் இரண்டு உள்ளன; ஒன்று மூதாட்டியின் அலமாரியில்.

வெள்ளத்துக்கு அஞ்சி வந்த எங்களுக்கு மழை இங்கே இல்லை என்று எவரும் உறுதி தரவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. துன்பம் இல்லாத ஊர் என்று ஒன்றைத் தேடி எங்கும் செல்ல முடியாது. துன்பம் வரும் இரவில் நம் காலடி ஓசையைக் கேட்டு ஒருவர் எழுந்து வருவாரா என்பதையே பார்க்க வேண்டும். அவ்வாறே, பிறர் வீட்டில் அந்த ஓசை கேட்கும்போது நாமும் எழுந்து செல்வோமா என்பதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் நமக்கு என்ன தரும் என்று கணக்கிட்டுக்கொண்டே வந்தோம். நம்மிடம் அது என்ன கேட்கும் என்பதை அந்த மே மாத இரவுக்குப் பிறகே எண்ணிப் பார்த்தோம். கருணாபுரத்தைப் பற்றி அஞ்சிய நாங்கள், இப்போது எங்கள் தெருவில் மாலையில் தள்ளாடி வரும் ஒருவரின் பிள்ளைகள் இருவரை எங்கள் மாடியில் மகளுடன் அமர்த்திப் பாடம் சொல்லித்தருகிறோம். பெரிய தொண்டு அன்று. ஒரு மணி நேரம்தான். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் இவ்வூருக்குப் புதியவர்கள் அல்லர்.

இடம்பெயர எண்ணும் குடும்பத்தாருக்கு எங்கள் பட்டறிவிலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். ஊரை அதன் கடினமான பருவத்தில் ஒருமுறை தங்கிப் பாருங்கள். இரவில் மருத்துவமனைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்று வரைபடத்தில் பார்க்காமல், பயணம் செய்தே அறிந்துகொள்ளுங்கள். அவ்வூருக்கு நேர்ந்த துயரங்களைக் கேட்டறியுங்கள். அவற்றை மறைப்பவரைவிடச் சொல்பவரை நம்புங்கள். முதல் ஆண்டு எதையும் வாங்காதீர்கள், எதையும் விற்காதீர்கள்.

வந்து சேர்ந்த சில நாட்களில் மேல்நாரியப்பனூர்த் திருவிழா வந்தது. இம்முறை சென்னையிலிருந்து வண்டியேறிச் செல்லாமல், தெருவாருடன் உள்ளூர்ப் பேருந்தில் சென்றோம். கூட்டத்தில் சென்னைக் குடும்பம் ஒன்று எங்களிடம் வழி கேட்டது. கையில் ஒரு குழந்தை இருந்தது. பேச்சுவாக்கில் அந்தத் தாய் மலையைப் பார்த்தபடி, ‘நல்ல ஊரா இருக்கே! இங்கேயே வந்துவிடலாம்போல் இருக்கிறது’ என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ‘நல்ல ஊர்தான் அம்மா. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள்’ என்றோம்.